ஆலங்கட்டி அடித்த கூரை: ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா, மாற்றினால் எதைப் போடுவது?

டாலஸுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் பக்கத்தில் மார்ச்சிலிருந்து ஜூன் வரை வானம் கறுத்தாலே எல்லோரும் காரை கராஜுக்குள் ஏற்றிவிடுவோம். இந்த வசந்தத்தில் ஒரு நாள் இரவு, எங்களுக்கு நான்கு தெரு தள்ளிக் கோல்ஃப் பந்து அளவில் விழுந்தது. மறுநாள் காலை அந்தத் தெரு நண்பரிடமிருந்து போன்.

"அண்ணா, வாசல்ல ஒருத்தர் நிக்கிறார். கூரை மொத்தமும் போயிடுச்சு, இன்ஷூரன்ஸ்ல ஃப்ரீயா மாத்தித் தரேன்னு சொல்றார். டேப்லெட்ல கையெழுத்துக் கேக்குறார். போடட்டுமா?"

"போடாதே. பாலிசியை எடுத்து வை, சாயந்திரம் வர்றேன்" என்றேன்.

இந்த வருடம் மட்டும் ஐந்தாறு பேர் இதையே கேட்டுவிட்டார்கள். சிலர் ஒட்டுப் போட்டால் போதுமா என்று கேட்டார்கள். சிலர் மாற்ற முடிவு செய்துவிட்டு, பழையபடி சாதாரண ஷிங்கிளா (கூரையில் அடுக்கடுக்காகப் பதிக்கும் தார்த் துண்டு), ஆலங்கட்டி தாங்கும் கிளாஸ் 4 ஷிங்கிளா, தகரக் கூரையா என்று முழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். எனக்கு நேரடியாகத் தெரிந்தது டெக்சாஸ். ஆனால் ஓக்லஹோமா, கேன்சஸ், நெப்ராஸ்கா, கொலராடோ என்று ஆலங்கட்டி விழும் பட்டையில் எங்கே வீடு இருந்தாலும் கணக்குப் போடும் முறை ஏறக்குறைய இதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏணி போட்டு மேலே ஏறுவதற்கு முன்னால் பாலிசியைப் படிக்க வேண்டும். ஒரே புயல், ஒரே அடி, பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருவருக்கு மாற்றுவது சரி, இன்னொருவருக்கு ஒட்டுப் போடுவது சரி என்று ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் காகிதம்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது

### பாலிசி கூரைக்கு எப்படிப் பணம் தருகிறது

இரண்டு வார்த்தைகளைத் தேடுங்கள். ஒன்று ஆர்சிவி (RCV), அதாவது புதிதாகப் போட ஆகும் முழு விலை. இன்னொன்று ஏசிவி (ACV), அதாவது தேய்மானம் கழித்த விலை. வீட்டுக்கு ஆர்சிவி என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கும். பின்னால் இணைப்பாக வரும் ஒரு தாளில் கூரைக்கு மட்டும் ஏசிவி என்றோ, கூரைக்கு வயது ஏற ஏற இத்தனை சதவீதம்தான் என்று ஓர் அட்டவணையோ இருக்கும். ஒவ்வொரு வருடமும் பாலிசி புதுப்பிக்கும்போது இந்த மாற்றம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுவதுண்டு. அதனால் வீடு வாங்கிய வருடத்துப் பாலிசியைப் பார்த்துப் பயனில்லை, இந்த வருடத்தினுடையதைப் பாருங்கள்.

அடுத்து டிடக்டிபிள், அதாவது கம்பெனி பணம் தருவதற்கு முன் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. காற்று, ஆலங்கட்டிக்கு என்று தனி டிடக்டிபிள் இருக்கும்; அது பெரும்பாலும் சதவீதக் கணக்கு. இந்தச் சதவீதம் சேதத்தின் மேல் கணக்கிடப்படுவதில்லை, வீட்டுக் காப்பீட்டுத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. வீட்டுக்குக் காப்பீடு 4,00,000 டாலர், டிடக்டிபிள் 2 சதவீதம் என்றால் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து. கூரை மாற்ற 20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கூரைக்கு வயது 10, ஆயுள் 20 என்று அவர்கள் கணக்கிட்டால் தேய்மானம் பாதி.

- ஏசிவி பாலிசி: 20,000 பாதியாகி 10,000. அதில் 8,000 கழித்தால் கைக்கு வருவது 2,000. அவ்வளவுதான், வேறு எதுவும் வராது.
- ஆர்சிவி பாலிசி: முதல் காசோலை இதே 2,000. வேலை முடித்து பில் காட்டிய பிறகு, பிடித்துவைத்த தேய்மானம் 10,000 வரும். மொத்தம் 12,000.

18,000 கையைவிட்டுப் போவதற்கும் 8,000 போவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு வரியில் இருக்கிறது. ஆர்சிவி என்றாலும் இரண்டாம் காசோலை வருவதற்குள் கூரைக்காரருக்குக் கொடுக்க வேண்டியிருக்கலாம். வீட்டுக் கடன் இருந்தால் காசோலையில் வங்கியின் பெயரும் சேர்ந்து வரும். அவர்களும் பின்னால் கையெழுத்திட்ட பிறகுதான் அது பணமாகும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்று நினைத்துத் திட்டமிடுங்கள்.

மூன்றாவது, தோற்றச் சேதத்துக்கு விலக்கு என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். நெளிந்திருக்கிறது, ஆனால் ஒழுகவில்லை என்றால் பணம் தர மாட்டோம் என்பது அதன் பொருள். தகரக் கூரை போட நினைப்பவர்களுக்கு இது மிக முக்கியம், கீழே வருகிறேன்.

### கூரைக்கு என்ன வயது, என்ன வகை

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் பெரும்பாலும் ஆஸ்பால்ட் ஷிங்கிள். கண்ணாடியிழைப் பாய் ஒன்று, அதன் மேல் தார், அதன் மேல் நிறம் பூசிய கல் துகள்கள். அந்தத் துகள்கள் அழகுக்காக மட்டும் இல்லை. தாரை வெயிலிலிருந்து காப்பது அவைதான். துகள் உதிர்ந்த இடத்தில் தார் காய்ந்து வெடிக்கத் தொடங்கும். ஒரே அடுக்காகத் தட்டையாக இருப்பது பழைய மூன்று மடல் வகை. இரண்டு அடுக்கு ஒட்டித் தடிமனாக இருப்பது ஆர்கிடெக்சுரல் வகை. முன்னதற்கு 15 முதல் 20 வருடம், பின்னதற்கு 20 முதல் 30 வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆலங்கட்டியும் டெக்சாஸ் வெயிலும் சேர்ந்தால் அந்த மேல் எண்களை நம்ப வேண்டாம்.

வயதான ஷிங்கிள் வளையாது, ஒடியும். ஒன்றைக் கழற்றப் போனால் மேலே உள்ளதும் உடையும். அப்படிப்பட்ட கூரையில் ஒட்டுப் போடுவது ஒரு கட்டத்துக்கு மேல் முடியாத காரியம்.

### அடி எப்படிப்பட்டது

அமெரிக்க வானிலைச் சேவை 1 அங்குல விட்டம், அதாவது கால் டாலர் நாணய அளவு வந்தால்தான் ஆலங்கட்டியைக் கடுமையானது என்று கணக்கில் எடுக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் ஷிங்கிளுக்கும் தோராயமாக அந்த அளவிலிருந்துதான் பாதிப்புத் தொடங்கும். பட்டாணி அளவு விழுந்ததற்காகக் கூரை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1.75 அங்குலம், கோல்ஃப் பந்து அளவு என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அன்று சாயந்திரம் நண்பர் வீட்டில் நாங்கள் கூரைக்குப் போவதற்கு முன் தரையில்தான் சுற்றினோம். மழைநீர் இறங்கும் குழாயின் அடியில் கறுப்பு மணல் மாதிரி ஒரு பிடி துகள் குவிந்திருந்தது. ஏசி கண்டென்சரின் மேற்குப் பக்கத் தகடுகள் விரலால் அழுத்திவிட்டது போல் மடிந்திருந்தன. வேலி மரத்தில் வெளிறிய வட்டங்கள். மெல்லிய உலோகம் பொய் சொல்லாது. அதில் குழி இல்லையென்றால் கூரையிலும் பெரிதாக இருக்காது. அங்கே இருந்தது.

பிறகு அவருக்குத் தெரிந்த ஒரு கூரைக்காரர் மேலே ஏறினார். எங்களையும் ஏணியில் ஏற்றி ஓர் இடத்தைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். துகள் உதிர்ந்த கறுப்பு வட்டம், அழுத்தினால் அடிபட்ட ஆப்பிள் மாதிரி உள்ளே கொஞ்சம் மெத்தென்று போகிறது. கண்ணாடியிழைப் பாய் உடைந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வெறும் துகள் உதிர்வு, வெயிலில் வந்த கொப்புளம், மேலே நடந்தவர் செருப்புத் தேய்த்த தடம் இவையெல்லாம் தூரத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். தொட்டால்தான் தெரியும். சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் வந்தால் ஒவ்வொரு சரிவிலும் 10 அடிக்கு 10 அடி சாக்பீஸால் கட்டம் போட்டு, இப்படி அடிபட்ட இடங்களை எண்ணுவார். எத்தனை இருந்தால் அந்தச் சரிவை மாற்றித் தருவார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

### எத்தனை வருடம் அந்த வீட்டில் இருக்கப் போகிறீர்கள்

மூன்று வருடத்தில் விற்கப்போகிறவருக்கும், பிள்ளைகள் பள்ளி முடிக்கும்வரை இருக்கப்போகிறவருக்கும் ஒரே விடை கிடையாது. இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

## வழி 1: இப்போதைக்கு அப்படியே விடுவது

அடி சிறியது, கட்டரில் (கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகட்டுக் கால்வாய்) நாலு குழி, ஷிங்கிளில் பாய் உடையவில்லை, வீட்டுக்குள் ஈரம் இல்லை என்றால் இதுவே சரி. கூரைக்கு அடியில் உள்ள ஆட்டிக்குள் டார்ச் அடித்துப் பலகையின் அடிப்பக்கம் கறை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது காலக்கெடு. ஆலங்கட்டிச் சேதத்தை இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கும். பெரும்பாலும் ஒரு வருடம். பாய் உடைந்த இடம் அன்றே ஒழுகாது, இரண்டு வருடம் கழித்து ஒழுகும். அப்போது கெடு முடிந்திருக்கும். இரண்டாவது, அடுத்த புயலுக்குப் பிறகு வரும் அட்ஜஸ்டர் இதெல்லாம் பழைய அடி என்று சொல்லிவிடலாம். அதனால் ஒன்றும் செய்யாமல் விட்டாலும், தேதி தெரிகிற மாதிரி படங்கள் எடுத்து வையுங்கள். கூரை, கட்டர், ஜன்னல் வலை, விழுந்த கட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாணயம் எல்லாம்.

சேதமே இல்லாதபோது சும்மா ஒரு கிளெய்ம் போட்டுப் பார்ப்போம் என்று மட்டும் செய்யாதீர்கள். பணம் வராத கிளெய்ம்கூட இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளும் பதிவேட்டில் ஏறக்கூடும். அங்கே ஏழு வருடம் வரை நிற்கும். நாளைக்குக் கம்பெனி மாற்றப் போனால் அது முன்னால் வந்து நிற்கும்.

இன்னொன்று: கிளெய்ம் பணம் வாங்கிக்கொண்டு கூரையை மாற்றாமல் விடுவது. அடுத்த முறை அடித்தால் ஏற்கெனவே கொடுத்த பணத்தைக் கழித்துத்தான் தருவார்கள். ஆர்சிவியில் பிடித்துவைத்த தேய்மானமும் கிடைக்காமல் போகும்.

## வழி 2: அடிபட்ட இடத்தை மட்டும் சரிசெய்வது

கூரைக்கு வயது பத்துக்குள், அடி ஒரு சரிவில் மட்டும், மொத்தச் செலவு டிடக்டிபிளைவிடக் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் கிளெய்ம் பக்கமே போகாமல் கையிலிருந்து கொடுத்துச் சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம். குழாயைச் சுற்றிய ரப்பர் வளையம் கிழிந்தது, காற்றுப்போக்கியின் மூடி நசுங்கியது, காற்றில் சில ஷிங்கிள் பறந்தது இவையெல்லாம் அரைநாள் வேலை.

ஒட்டுப் போடும் முன் ஒன்று கேளுங்கள்: "இந்த ஷிங்கிள் தூக்கினால் உடையாமல் வருமா?" நல்ல கூரைக்காரர் நாலு இடத்தில் மெதுவாகத் தூக்கிப் பார்த்துச் சொல்வார். உடைந்தால் ஒட்டு வேலை அங்கேயே முடிந்தது. அதைப் படம் எடுத்து அட்ஜஸ்டருக்கு அனுப்பினால், ஒட்டு முடியாது, முழுச் சரிவையும் மாற்ற வேண்டும் என்று வாதாட உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

நிறம் பொருந்தாது என்பதை மனதில் வையுங்கள். அதே பெயர், அதே நிறம் வாங்கினாலும் பத்து வருடம் வெயில் குடித்த கூரையில் புதுசு தனியாகத் தெரியும். பல வரிசைகளைத் தயாரிப்பாளர்கள் நிறுத்தியும் விட்டார்கள். நிறம் பொருந்தும்படி செய்துகொடுக்க வேண்டும் என்ற விதி எல்லா மாநிலத்திலும் இல்லை. வாசல் பக்கச் சரிவு என்றால் விற்கும்போது வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

## வழி 3: பழசின் மேலேயே புதுசு போடுவது

இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பழசைக் கிழித்துக் கொட்டும் செலவு மிச்சமாகும், உண்மை. ஆனால் அடியில் உள்ள பலகை உளுத்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. மேடு பள்ளமான அடித்தளத்தில் புது ஷிங்கிள் அடியை மோசமாக வாங்கும். பாரம் இரண்டு மடங்கு. அடுத்த முறை இரண்டையும் சேர்த்துக் கிழிக்கும் செலவு. கட்டட விதிகளும் இரண்டு அடுக்குக்கு மேல் விடுவதில்லை. அடுக்குக் கூரைக்குக் காப்பீடு தரத் தயங்கும் கம்பெனிகளும் உண்டு.

## வழி 4: முழுசாகக் கிழித்துவிட்டு, அதே போன்ற சாதாரண ஷிங்கிள்

ஆர்சிவி பாலிசி, பல சரிவுகளில் பாய் உடைந்த அடி, கூரைக்கு வயது பத்துக்கு மேல் என்றால் பெரும்பாலானவர்கள் வந்து நிற்கும் இடம் இது. இன்ஷூரன்ஸ் பேசும் விலையும் இதற்குத்தான்: முன்னால் என்ன இருந்ததோ அதே தரம்.

அட்ஜஸ்டர் எழுதிய பட்டியலையும் கூரைக்காரரின் பட்டியலையும் வரிக்கு வரி பொருத்திப் பாருங்கள். கூரை வேலையில் அளவு 'ஸ்கொயர்'. ஒரு ஸ்கொயர் என்றால் 100 சதுர அடி. வீணாகும் ஷிங்கிளுக்குக் கூடுதல் சேர்த்திருக்கிறார்களா? கூரை விளிம்புத் தகடு, பள்ளங்களில் போடும் ஒட்டுத்தாள், முகட்டுத் துண்டுகள், பழசைக் கொட்டும் செலவு, பெர்மிட் எல்லாம் வந்திருக்கிறதா? விட்டுப்போனதைப் பிறகு துணைப் பட்டியலாக அனுப்பலாம், ஆனால் வேலை தொடங்கும் முன் அனுப்புவது நல்லது.

மறைந்திருக்கும் செலவில் பெரியது பலகை. கிழித்த பிறகுதான் தெரியும், ஒரு பலகைக்கு இவ்வளவு என்று விலையை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வீடு கட்டியபோது இருந்த விதி இப்போது மாறியிருந்தால், புது விதிப்படி செய்ய ஆகும் கூடுதலைத் தர பாலிசியில் தனியாக ஒரு பிரிவு வேண்டும். அது இல்லாவிட்டால் கையிலிருந்து.

மேலே சோலார் பலகைகள் இருந்தால் அவற்றைக் கழற்றித் திரும்ப மாட்டும் செலவு சில ஆயிரம் டாலர் தொடும். நம் ஆட்கள் நிறையப் பேர் வீட்டில் சோலார் இருக்கிறது, கிளெய்ம் போடும்போது இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். முதல் நாளே அட்ஜஸ்டரிடம் சொல்லுங்கள். சோலார் கம்பெனியின் உத்தரவாதம் கெடாமல் யார் கழற்றலாம் என்பதையும் கேளுங்கள்.

## வழி 5: முழுசாக மாற்றி, கிளாஸ் 4 ஷிங்கிள் போடுவது

என்னிடம் யோசனை கேட்பவர்களில் நீண்ட நாள் இருக்கப்போகிறவர்களை நான் இந்தப் பக்கம்தான் தள்ளுகிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளாஸ் 4 என்பது யூஎல் 2218 என்ற சோதனையின் உச்ச மதிப்பு. 2 அங்குல இரும்புக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போடுவார்கள். ஷிங்கிளின் பின்பக்கம் வெடிப்போ கிழிசலோ இருக்கக் கூடாது. அதில் தேறியது கிளாஸ் 4. இதற்காகப் பெரும்பாலும் தாரில் ரப்பர் போல வளையும் பாலிமரைக் கலப்பார்கள், அல்லது பின்பக்கம் ஒரு வலைத்துணி ஒட்டுவார்கள். பாலிமர் கலந்ததைக் கையில் எடுத்து வளைத்தாலே வித்தியாசம் தெரியும்.

சோதனைக்கு எடுப்பது புது ஷிங்கிள், போடுவது இரும்புக் குண்டு. ஐந்து வருடம் வெயிலில் கிடந்த ஷிங்கிள் மேல் விழும் பனிக்கட்டி வேறு விஷயம். தென் கரோலினாவின் ரிச்பர்கில் ஐபிஎச்எஸ் (IBHS) என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நிதி கொடுத்து நடத்துவது. அவர்கள் உண்மையான ஆலங்கட்டியைப் போலவே பனி உருண்டைகள் செய்து ஷிங்கிள் மேல் சுட்டுப் பார்த்து, 2019 முதல் மதிப்பெண் வெளியிடுகிறார்கள். ஒரே கிளாஸ் 4 முத்திரை உள்ளவற்றுக்குள்ளேயே நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு என்று அதில் தெரிந்தது. அதனால் கிளாஸ் 4 என்ற வார்த்தையோடு நிற்காமல், எந்தத் தயாரிப்பு என்று பெயர் கேட்டு அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

செலவுக் கணக்கு: சாதாரண ஷிங்கிளுக்கு மேல் ஆகும் வித்தியாசம் உங்கள் கையிலிருந்து. அதற்குப் பதிலாக டெக்சாஸ், கொலராடோ போன்ற இடங்களில் பல கம்பெனிகள் பிரீமியத்தில் தள்ளுபடி தருகின்றன. உங்கள் ஏஜெண்டைக் கூப்பிட்டு, வருடத்துக்கு எத்தனை டாலர் குறையும் என்று எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். உதாரணத்துக்குக் கூடுதல் செலவு 3,000, தள்ளுபடி வருடத்துக்கு 400 என்றால் ஏழரை வருடத்தில் போட்ட பணம் திரும்பும். அத்தனை வருடம் இருப்பீர்களா என்பதுதான் அப்போது கேள்வி. இடையில் ஒரு புயலில் ஒரு டிடக்டிபிள் மிச்சமானாலும் கணக்கு அன்றே முடிந்துவிடும்.

இதிலும் மறைந்திருப்பவை உண்டு. தள்ளுபடி வேண்டுமென்றால் தோற்றச் சேத விலக்கில் கையெழுத்துப் போடச் சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றன, படித்துவிட்டுப் போடுங்கள். நிறுவியவர் கையெழுத்திட்ட சான்றிதழ் படிவம் இல்லாமல் தள்ளுபடி வராது. வேலை முடிந்த அன்றே வாங்கிவிடுங்கள், ஷிங்கிள் கட்டின் மேலுறையையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதம் பெரும்பாலும் ஆலங்கட்டிச் சேதத்துக்குச் செல்லாது. கிளாஸ் 4 போட்டாலும் பேஸ்பால் அளவில் விழுந்தால் தாங்காது.

குடியிருப்புச் சங்கம் தடுக்குமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: டெக்சாஸில் மற்ற வீடுகளின் ஷிங்கிளைப் போலவே தோற்றம் இருந்தால் ஆலங்கட்டி தாங்கும் ஷிங்கிளைச் சங்கம் தடுக்க முடியாது என்று சட்டமே இருக்கிறது. ஆனாலும் நிறத்துக்கு முன்அனுமதி வாங்கிவிடுங்கள்.

## வழி 6: தகரக் கூரை, ஓடு

ஒரே முறை செலவழித்துவிட்டு மறந்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் தகரத்தைக் கேட்கிறார்கள். நல்ல உலோகக் கூரை ஷிங்கிளைவிட இரண்டு மடங்கு காலம் இருக்கும். விலையும் இரண்டு, மூன்று மடங்கு. ஆலங்கட்டி அதை ஓட்டை போடுவது அபூர்வம், ஆனால் குழி விழும். அங்கேதான் முன்னால் சொன்ன விலக்கு வந்து நிற்கிறது. கூரை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி, ஒழுகவில்லை, எனவே பணம் இல்லை. அந்தத் தோற்றத்தோடு வாழ உங்களுக்குச் சம்மதம் என்றால் தகரம் நல்ல தேர்வு. இல்லையென்றால் மேலே கல் துகள் ஒட்டிய எஃகு வகையைப் பாருங்கள், அதில் குழி அவ்வளவாகக் கண்ணில் படாது. மலிவு விலையில் வரும், திருகு வெளியே தெரியும் வகையில் ஒவ்வொரு திருகின் அடியிலும் ஒரு ரப்பர் வாஷர். அது சில வருடங்களில் காய்ந்துவிடும், மாற்றும் வேலை இருக்கும். இணைப்புக்குள் திருகு மறைந்திருக்கும் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

கான்கிரீட் ஓடு, களிமண் ஓடு ஷிங்கிளைப் போல் மூன்று மடங்கு பாரம் வரும். ஷிங்கிளுக்காகக் கட்டிய வீட்டில் பொறியாளர் பார்க்காமல் ஏற்றக் கூடாது. பெரிய கட்டி விழுந்தால் ஓடு விரிசல் விடும், ஒவ்வொன்றாக மாற்றலாம் என்பது மட்டும் ஆறுதல்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது சரி | கையிலிருந்து போவது | மறைந்திருக்கும் செலவு | அடுத்த புயலில் |
|---|---|---|---|---|
| அப்படியே விடுவது | பாய் உடையவில்லை, ஈரம் இல்லை | எதுவும் இல்லை | கிளெய்ம் கெடு, பழைய அடி என்ற வாதம் | இருந்தபடிதான் |
| ஒட்டு | இளம் கூரை, ஒரு சரிவு, டிடக்டிபிளைவிடக் குறைவு | முழுச் செலவும் | நிறம் பொருந்தாது | இருந்தபடிதான் |
| மேலேயே போடுவது | நான் சொல்வதில்லை | குறைவு | உளுத்த பலகை, இரட்டைக் கிழிப்பு | மோசம் |
| சாதாரண ஷிங்கிள் | ஆர்சிவி, பல சரிவில் அடி, சீக்கிரம் விற்பது | டிடக்டிபிள் | பலகை, புது விதி, சோலார் | முன்பு போலவே |
| கிளாஸ் 4 | ஆர்சிவி, ஏழெட்டு வருடமாவது இருப்பது | டிடக்டிபிளும் வித்தியாசமும் | விலக்குப் பிரிவு, சான்றிதழ் | பெருமளவு தாங்கும் |
| தகரம் | நீண்ட காலம், குழியைப் பொறுப்பவர் | மிக அதிகம் | தோற்றச் சேதத்துக்குப் பணம் இல்லை | ஓட்டை அரிது, குழி விழும் |

ஏசிவி பாலிசிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. உங்களுக்கு இந்த அட்டவணை கொஞ்சம் இடம் மாறும். பாதிக்கு மேல் உங்கள் பணம் என்பதால், கூரை ஒழுகாமல் இருந்தால் ஒட்டுப் போட்டு நாளைக் கடத்தி, பணம் சேர்த்து, கிளாஸ் 4 போடும்போது பாலிசியையும் ஆர்சிவிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புதுக் கூரை இருக்கும்போதுதான் கம்பெனிகள் அதற்கு எளிதில் ஒத்துக்கொள்ளும்.

## கையெழுத்துப் போடும் முன்

வாசலில் நிற்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆனால் டெக்சாஸில் கூரை வேலைக்கு மாநில லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. டிரக்கும் ஏணியும் இருந்தால் போதும். ஓக்லஹோமாவில் மாநிலத்திடம் பதிவு செய்தாக வேண்டும். அதனால் இந்த ஊரில் எத்தனை வருடமாக இருக்கிறார், பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் இருக்கிறதா, போன வருடம் செய்த மூன்று வீடுகளின் முகவரி தருவாரா என்று கேட்பது உங்கள் வேலை.

"டிடக்டிபிளை நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல் அது குற்றம். நீங்கள் டிடக்டிபிள் கட்டிய சான்றைக் கம்பெனி கேட்கலாம், காட்டாவிட்டால் பிடித்துவைத்த பணத்தைத் தராமல் நிறுத்தலாம். கொலராடோவிலும் 2012 முதல் தடை. எட்டாயிரம் கட்டுவது வலிக்கும், தெரியும். ஆனால் அதைத் தள்ளுபடி செய்கிறவர் அந்த எட்டாயிரத்தை உங்கள் கூரையிலிருந்துதான் எடுப்பார்: குறைவான ஆணி, மலிவான அடித்தாள், பழைய விளிம்புத் தகடு.

இலவசப் பரிசோதனைக்கு அனுமதி என்று நீட்டப்படும் தாள், பல நேரம் இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொண்டால் வேலை எங்களுக்கே என்ற ஒப்பந்தம். பின்வாங்கினால் இத்தனை சதவீதம் என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கும். டேப்லெட்டில் கையெழுத்து வேண்டாம். தாளாகக் கொடுக்கச் சொல்லி இரவு உட்கார்ந்து படியுங்கள். வீட்டு வாசலில் போட்ட ஒப்பந்தத்தை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்ய மத்திய விதி இடம் தருகிறது. ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள்.

கூரைக்காரர் உங்கள் சார்பில் இன்ஷூரன்ஸோடு பேரம் பேசுகிறேன் என்றாலும் ஜாக்கிரதை. டெக்சாஸில் அதற்கு லைசென்ஸ் பெற்ற பப்ளிக் அட்ஜஸ்டர் வேண்டும்; ஒரே வீட்டுக்கு இரண்டு வேலையையும் ஒருவரே செய்யக் கூடாது. அட்ஜஸ்டர் வரும் நேரத்தில் கூரைக்காரர் கூட இருந்து சேதத்தைக் காட்டலாம், அளவையும் விலையையும் விளக்கலாம், அது சரி.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய கூரைக்கு வயது பதினொன்று. பாலிசி ஆர்சிவி, டிடக்டிபிள் 2 சதவீதம், மேற்கிலும் வடக்கிலும் அடி. பெரியவள் இப்போதுதான் ஆறாம் வகுப்பு. சாக்பீஸ் கட்டத்தில் அட்ஜஸ்டர் எண்ணி முடித்து ஒத்துக்கொண்டார். சோலாரைக் கழற்றி மாட்டும் வரி முதலில் விட்டுப்போய், கேட்ட பிறகு சேர்ந்தது. வித்தியாசத்தைக் கையிலிருந்து போட்டு கிளாஸ் 4 போட்டுக்கொண்டார். வேலை முடிந்த அன்று சாயந்திரம் சான்றிதழ் படிவத்தில் கூரைக்காரரின் கையெழுத்தை வாங்கி, எனக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினார். அடுத்த மாதப் பிரீமியம் பில் வரட்டும், எவ்வளவு குறைந்தது என்று சொல்கிறேன் என்றார்.